எண்பது கிலோ வண்டியும் புளியமரத்து வளைவும்

மாணவர் திட்டத்துக்கு ‘வழிகாட்டி’ என்று கல்லூரியில் யார் பெயரை எழுதுகிறார்களோ, அவர் அன்று முதல் அந்தப் பிள்ளைகளுக்கு டிரைவர், சமையற்காரர், சமாதானத் தூதுவர், முதலுதவிப் பெட்டி எல்லாமும் ஆகிவிடுவார். வழி காட்டுகிற வேலை மட்டும் இருக்காது. வழியைப் பிள்ளைகளே முடிவு செய்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் நம்மிடம் வருவார்கள்.

என்னைப் போலவே அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடமாக மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். பக்கத்துக் கல்லூரிகள் சில சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். புகை விடாத பந்தயக் கார் ஒன்றை மாணவர்களே செய்ய வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பேட்டரி. புதூர்நாட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும், முதலில் மேலே வருகிற வண்டிக்குப் பரிசு. துறைத்தலைவர் என் பெயரை எழுதிவிட்டார். உரலில் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா?

மூச்சைப் பிடித்தால்தான் இடம்

எங்கள் குழுவில் மூன்று பேர். தலைவன் இம்ரான், வாணியம்பாடிக்காரன், கியர் பைத்தியம். தினேஷ், செங்கத்துப் பையன், வெல்டிங் அவன் பொறுப்பு. மோட்டாரும் வயரிங்கும் கோகிலாவுடையது. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்த பெண், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள்.

வண்டி எண்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. தினேஷ் ஒவ்வொரு வாரமும் எடையைக் குறைக்கிறேன் என்று சட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வந்தான். நானும் தட்டிக்கொடுத்தேன். கடைசியில் இருக்கையைப் பொருத்திவிட்டு உட்காரப் போனால் தினேஷுக்குத் தோளே நுழையவில்லை. இம்ரான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன, வெளியே இழுக்க நாங்கள் மூன்று பேரும் சேர வேண்டியிருந்தது.

கோகிலா போய் உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். ஸ்டியரிங்கை விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சைக்கிளே தெரியாது மேடம், கத்துக்கறேன். ஆனா ஏத்திட்டு அப்பறம் எறங்கச் சொல்ல மாட்டீங்க இல்ல?”

மேலே போனால் புரியும்

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது வீட்டில் அனுமதிக் கையெழுத்து வாங்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. மலைமேல் பெரிய ஊரான ஜமுனாமரத்தூருக்காவது பேருந்து உண்டு. கோகிலாவின் ஊருக்கு ஜீப்தான், அதை விட்டால் கால். சிகாமணி என்பவருடைய ஜீப்பில் நானும் கோகிலாவும் ஏறினோம். பின்னால் பதினாறு பேர், நான்கு மூட்டை. அது விட்ட கறுப்புப் புகையில் எனக்குக் கண்ணும் தெரியவில்லை, மூச்சும் வரவில்லை. புகை விடாத கார் செய்கிறோம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். மனிதர் சளைக்கவில்லை, “அப்போ வண்டி வர்றது முன்னாடி போறவனுக்கு எப்டித் தெரியும்?” என்றார்.

போட்டி நடக்கப்போகிற அதே சாலையில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு செங்குத்தான வளைவு. ஓரத்தில் பெரிய புளியமரம். அங்கே வந்ததும் ஜீப் நின்றது. “சின்னப் புள்ளைங்க எல்லாம் எறங்கு!” என்றார் சிகாமணி. பாரத்தோடு அந்த வளைவில் ஜீப் ஏறாதாம். வயதானவர்களும் மூட்டைகளும் இருக்க, மற்றவர்கள் இறங்கி நடந்து மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வதுதான் வழக்கம். யாரும் முகம் சுளிக்கவில்லை. என்னை ‘டீச்சர் குந்துங்க’ என்றார்கள். கோகிலா இறங்கியபின் எனக்கு உட்கார மனம் வரவில்லை, நானும் இறங்கினேன்.

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறும்போது கேட்டேன், எப்போதும் இப்படித்தானா என்று. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் கீழே விடுதியில் தங்கிப் படித்தவள். வாரா வாரம் வீட்டுக்கு ஏறும்போது இதே இடத்தில் இறங்கியிருக்கிறாள். மழையிலும் இறங்கியிருக்கிறாள், காய்ச்சலோடும் இறங்கியிருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு என்னவோ செய்தது. “சீட்ல குந்திகினே இந்த வளைவத் தாண்டுனா எப்டி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும் மேடம்.”

கையெழுத்து

கோகிலாவின் அம்மா வாசலில் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை, பந்தயக் கார், மலைச்சாலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். தலைக்கவசம், பிரேக், தீயணைப்பான் என்று நான் அடுக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. “இந்த வண்டில எத்தினி பேரு குந்தலாம்?” ஒருவர்தான் என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். “ஒரே ஒரு எடம், அதுவும் எம் பொண்ணுக்கா? எங்க போடணும் சொல்லுங்க.”

வாணியம்பாடி பிரியாணி

அடுத்த சிக்கல் விதிப்புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. ஓட்டுபவர் ஐம்பது கிலோவாவது இருக்க வேண்டும், குறைந்தால் அந்த அளவுக்கு வண்டியில் பாரம் கட்ட வேண்டும், அந்தப் பாரமும் வண்டியின் எடையில் சேரும். கோகிலா நாற்பத்தெட்டு. இரண்டு கிலோதானே, சாப்பாட்டில் ஏற்றிவிடலாம் என்று கங்கணம் கட்டிக்கொண்டோம். இம்ரான் வீட்டிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் தூக்குவாளி நிறைய பிரியாணி வந்தது. கோகிலா அதைச் சாப்பிட்டுவிட்டு மைதானத்தில் வண்டி ஓட்டிப் பழகினாள், கவிழ்த்தாள், தள்ளிக்கொண்டு வந்தாள், மறுபடி ஓட்டினாள். ஒரு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் அதே நாற்பத்தெட்டு. தினேஷ் மட்டும் நான்கு கிலோ ஏறியிருந்தான்.

வேறு வழியில்லை. அவள் வீட்டுச் சாமை அரிசி இரண்டு கிலோவைப் பையில் கட்டி இருக்கைக்கு அடியில் வைக்க முடிவு செய்தோம். செய்தியைக் கேட்டு இம்ரானின் அம்மா எனக்குப் போன் செய்தார். “உண்மையச் சொல்லுங்க டீச்சர், அந்தப் பொண்ணு சாப்டுச்சா, இல்ல அந்த வெல்டிங் பையனே முடிச்சிட்டானா?”

தராசு

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் சாலையைப் பார்க்க வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மேலே போனோம். விண்ணப்பத்தில் எடையை எழுதியாக வேண்டும். கல்லூரித் தராசு பத்து கிலோவுக்கு மேல் தாங்காது, ஆள் நிறுக்கும் இயந்திரத்தில் வண்டி நிற்காது. புதூர்நாட்டில் ஒரு புளி வியாபாரி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசோடு உட்கார்ந்திருந்தார். கோகிலா அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் மூவரும் அவரிடம் போய் நின்றோம்.

வண்டி மேடையில் முழுதாக நிற்கவில்லை. முன்பாதியை ஏற்றி ஒரு தடவை, பின்பாதியை ஏற்றி ஒரு தடவை நிறுத்தார். அவர் பக்கம்தான் முள் தெரியும். குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டு “முப்பத்தாறு” என்றார், அப்புறம் “நாப்பத்திரெண்டு” என்றார். ஆக எழுபத்தெட்டு. சாமைப் பை இரண்டு. கூட்டினால் கச்சிதமாக எண்பது! தினேஷ் அங்கேயே ஒரு ஆட்டம் போட்டான். சரியாக இருக்குமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில் வியாபாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. “இருவது வருசமா இதே தராசு மேடம், தைரியமா எழுதுங்க.”

இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

போட்டி நாள். முதலில் ஓட்டுபவரை நிறுத்து எழுதிக்கொண்டார்கள், நாற்பத்தெட்டு. அப்புறம் சாமைப் பையோடு வண்டியை ஏற்றினார்கள். எண்பத்திரண்டு! நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், எண்பத்திரண்டுதான். இன்னும் அரை மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

இம்ரானும் தினேஷும் கணக்கை மறுபடி மறுபடி கூட்டினார்கள். கோகிலா மட்டும், “எங்க நிறுத்தீங்க?” என்று கேட்டாள். சொன்னோம். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மலையில் புளி நிறுக்கும்போது ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்காக ஒரு கிலோ கழித்துச் சொல்வதுதான் முறை. எங்கள் வண்டியை இரண்டு தடவை நிறுத்திருக்கிறார். வியாபாரிக்குப் போன் போட்டேன். மனிதருக்கு உண்மையிலேயே வருத்தம். “வாய்ப் பழக்கம் மேடம், சாக்கு இல்லன்னு அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா கழிச்சிருக்க மாட்டேனே!”

கழற்றியது யார்

இனி நான் சொல்லப்போவது எனக்கே பிடிக்காத பகுதி. இம்ரானின் பெயரை மாற்று ஓட்டுநராக எழுதியிருந்தோம். அவன் அறுபது கிலோவுக்கு மேல். அவன் உட்கார்ந்தால் சாமைப் பை வேண்டாம், எடை சரியாகிவிடும். முழங்கால் காதைத் தொட்டாலும் பத்து நிமிடம் தாங்காதா? மூன்று பருவத்து உழைப்பு வீணாகிறதே என்ற பதற்றத்தில், “இம்ரான் ஓட்டட்டும்” என்று சொன்னது நான்தான்.

கோகிலா தலைக்கவசம் மாட்டி வண்டியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு காலை வெளியே வைத்தாள். அவ்வளவு பழகிய கால்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் இம்ரான் ஸ்பானரோடு வண்டியின் பின்னால் உட்கார்ந்துவிட்டான். செங்குத்து ஏற்றத்துக்கென்று அவன் இரண்டு பருவம் உயிரைக் கொடுத்துச் செய்த இரண்டு கிலோ கியர் அங்கேதான் இருந்தது. அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் ஏற்றத்தில் பேட்டரியைக் குடித்துவிடும். அது அவனுக்குத் தெரியாததா? தினேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்தான். பத்து நிமிடத்தில் அந்தக் கியர் தரையில் கிடந்தது. இம்ரான் அதைப் பார்க்காமலே என்னிடம் சொன்னான். “கியர் அடுத்த வருசம் பண்ணிக்கலாம் மேடம், அவள எறங்கச் சொல்றது நம்மால ஆவாது.”

புளியமரத்து வளைவு

கொடி அசைந்தது. சத்தமே இல்லாமல் கிளம்பினாளாம். நாங்கள் முன்கூட்டியே வளைவுக்கு வந்து காத்திருந்தோம். போட்டிக்காகச் சாலையை மறித்திருந்ததால் சிகாமணியின் ஜீப்பும் அங்கேதான் ஓரமாக நின்றது, ஆட்களெல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்து வந்த எங்கள் வண்டி அழகாகத்தான் வந்தது. வளைவில் ஏறியதும் முனகியது, தவழ்ந்தது, நின்றுவிட்டது. பேட்டரி காலி. முடிவுக் கோடு எண்பது அடி தூரத்தில் கண்ணுக்கெதிரே தெரிகிறது. கோகிலா பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போட்டி ஆள் ஒருவர் ஓடிவந்தார். “இறங்கும்மா, வண்டியை ஓரம் கட்டணும்” என்றார். அவர் கடமை அவருக்கு. கோகிலா என்னைப் பார்த்தாள். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். பதினான்கு வருட வேலையில் நான் உருப்படியாகக் காட்டிய வழி அது ஒன்றுதான். வெளியிலிருந்து யார் வண்டியைத் தொட்டாலும் போட்டியிலிருந்து நீக்கிவிடுவோம் என்று அவர் எச்சரித்தார். “நீக்கிக்கோங்க சார்” என்று இம்ரான் போய் வண்டியின் முதுகில் கை வைத்தான். தினேஷும் வைத்தான். அவ்வளவுதான், ஜீப்பில் வந்த கூட்டம் முழுக்க ஓடி வந்துவிட்டது. சிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும் விலக்கி நடுவில் வந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. பழக்க தோஷத்தில் கோகிலா எழுந்திருக்கப் பார்த்தாள் போலிருக்கிறது, சிகாமணி ஒரு அதட்டல் போட்டார். “ஏய், குந்து கண்ணு! இன்னிக்கி நாங்க நடந்து வர்றோம்.”

ஆக, மூன்று பருவம் பாடுபட்டு நாங்கள் செய்த புகையில்லாத பந்தயக் காரைக் கடைசி எண்பது அடியும் தள்ளி மேலே ஏற்றிவிட்டவர், அந்த மலையிலேயே அதிகம் புகை விடுகிற ஜீப்பின் சொந்தக்காரர்தான்.