வேல்விழி கொல்லையில் போட்ட வெள்ளை மாவு

வேல்விழிக்கு அவள் அப்பா எழுதி வைத்த ஒண்ணேகால் ஏக்கர் செம்மண் கொல்லைதான் உசுரு. அவள் புருஷன் நடராசனுக்கு அது கண்ணில் விழுந்த தூசு. அவன் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். வாராவாரம் சம்பளம் வாங்கிப் பழகிய கைக்கு, மழையை நம்பி ஆடியில் விதைக்கிற கடலையெல்லாம் பைத்தியக்காரத்தனம். அதைக்கூடப் பொறுக்கலாம். டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவளைக் "கடலைக்காரி" என்று நக்கலடித்துச் சிரிப்பான் பாருங்கள், அதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் தர்மராஜ் வந்து சேர்ந்தான். நல்லூர்ப் பக்கம் கொல்லைகளைக் குத்தகைக்குப் பிடித்துத் தைலமரம் வைக்கிற ஆள். நடராசனுக்கு வாயெல்லாம் பல்லு. ஆனால் பத்திரம் வேல்விழி பேரில் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு குழிகூட வெட்ட முடியாது.

"தைலமரத்த வச்சிட்டா குந்தித் திங்கலாம்டி. கடல போட்டு எவன் மச்சு வூடு கட்டியிருக்கான்?"

"கூலி குடுத்தே அழிஞ்சவங்க கதைய எங்கிட்ட சொல்லாதீங்க. வெத ஒடைக்கிறது, வெதைக்கிறது, களையெடுக்கிறது எல்லாம் நானே செய்யறன். செடியில காய் ஆயறதுக்கு மட்டுந்தான் ஆளு. இந்த ஆடி ஒண்ணு பாருங்க. காய் சரியில்லன்னா நானே வந்து கையெழுத்து போடறன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டன்," என்று அவன் கையில் அடித்துச் சொன்னாள். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மிஷினில் உடைத்தால் பருப்பு அடிபட்டு முளைப்பு கெடும் என்று விதைக் கடலை முழுவதையும் விரலாலேயே உடைத்தாள். நகக்கண் வீங்கிப்போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை. விதைத்தாள், காக்காய் விரட்டினாள், களையெடுத்தாள். பூ எடுத்து மண் அணைக்கிற நேரம் வந்தது. அப்போது ஜிப்சம் போட்டால்தான் பருப்பு திரளும், இல்லாவிட்டால் வெறும் ஓடுதான் மிஞ்சும். பொம்மை வார்க்கிற அச்சும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். அச்சு தேய்ந்ததும் கம்பெனிக்காரர்கள் வெளியே கொட்டிவிடுவார்கள். அதை அள்ளி வந்து இடித்துப் போட்டால் காசு மிச்சம். பீங்கான் ஊரில் மட்டும் நடக்கிற சிக்கனம் இது.

வேல்விழி புருஷனிடம் கேட்டாள். மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினான். சைக்கிளில் மூட்டை மூட்டையாக வெள்ளை மாவு வந்து இறங்கியது. மனுஷன் மனசு மாறிவிட்டான் என்று அந்தப் பாவி மகள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவனும் வஞ்சனையில்லாமல் தின்றான்.

"ஏங்க, தொட்டா வழவழன்னு இருக்குதே?"

"நைசா இடிச்சி எடுத்தாந்திருக்கன். அதுக்கும் கொற சொல்லுவியா?"

செடிக்குச் செடி கையாலேயே வைத்து அணைத்தாள். அடுத்த வாரம் மழை பெய்து, வெயில் காய்ந்தது. தரை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. செடி மட்டும் கருகருவென்று மதமதத்து நின்றது. ஊர்க்கண் பட்டுவிடும் என்று வேலியில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் ஆய்வதற்குப் பெண்கள் வந்தார்கள். ஆய்ந்த காயிலேயே ஒரு பங்குதான் அவர்களுக்குக் கூலி. அதனால் முதல் காயை உடைத்துப் பார்க்காமல் யாரும் உட்கார மாட்டார்கள். அவர்களில் சொர்ணாம்பாள் என்கிறவள் உடைத்தாள். பொக்கு. இன்னொன்று, அதுவும் பருப்பில்லாத பொக்கு. பூ உதிர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்க வேண்டிய விழுதில் பாதி, இறுகிய பொருக்கின் மேலேயே சுருண்டு காய்ந்து கிடந்தது.

சொர்ணாம்பாளும் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். ஒரு துண்டுப் பொருக்கை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தாள். விரலில் பசையாகக் குழைந்தது.

"அடிப்பாவி, இது அச்சு மாவு இல்லடி. பொம்ம செய்யிற வெள்ளக் களிமண்ணு. இதையாடி கொல்லையில கொட்டுவ?"

பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். பொக்கில் என்ன கூலி கேட்பது?

நடராசன் ஒளிக்கவில்லை. சோறு பிசைந்துகொண்டே சொன்னான்: "ஆமா, களிமண்ணுதான். தெரிஞ்சிதான் எடுத்தாந்தன். நீ வெளைய வச்சிட்டா இன்னும் பத்து வருஷம் இந்தக் கருமத்தத்தான கட்டிக்கினு அழுவ? சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குதுல்ல?"

வேல்விழிக்கு அவன் தட்டைத் தூக்கி முகத்தில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். சொன்ன சொல் தவறியவள் என்று அவனிடம் பேச்சு வாங்க அவளுக்கு மனசில்லை. இப்படியும் ஒரு ரோஷம்!

அடைமழைக்குள் கன்று வைத்துவிட வேண்டும் என்று தர்மராஜ் அவசரப்பட்டான். ஆள் பற்றவில்லை. வீட்டில் சும்மா கிடப்பதற்குக் கூலியாவது வரட்டும் என்று நடராசன் அவளையும் அனுப்பினான். போனாள். கடலைச் செடி பிடுங்கிய சால்களிலேயே குழி எடுத்துக் கன்று வைத்தாள். தைலமர வேர் ஓடிய மண்ணில் கடலை விளைந்து அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. அது தெரிந்தே ஒவ்வொரு கன்றாக வைத்து, காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

சாயங்காலம் கூலி கொடுத்தார்கள். நடராசன்தான் தர்மராஜ் பக்கத்தில் நின்று ஆள் காட்டினான். அவள் முறை வந்தது.

"இவ நின்னு நின்னு அழுதுக்கினே வச்சாண்ணே," என்றான். "அரைக் கூலி போதும்."