மேல் மடுவத்து போன்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் கொட்டகலைக் கடைவீதிக்குப் போய் நிரோஷனிடமே கேட்டுக்கொள்ளலாம். கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.

நிரோஷன் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இன்டர்நெட் போன் பொருத்திக் கொடுப்பவன். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே ஆபீஸ், பங்களா, மலை உச்சியில் கொழுந்து நிறுக்கும் மடுவம், எல்லாவற்றுக்கும் அவன்தான் போன் வைத்தான். மடுவத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அங்கிருந்த பழைய கம்பி போனைக் கழற்றச் சொன்னது தோட்டத்து உதவி மேனேஜரான சின்ன துரை.

அன்றைக்கே நிரோஷன் படித்துப் படித்துச் சொன்னான்.

"தொரை, பழைய போனுக்கு டவுன்ல இருந்தே கம்பியில கரண்ட் வந்துரும். இது அப்படி இல்லீங்க. மடுவத்துல கரண்ட் போனா இன்டர்நெட்டும் போயிரும், போனும் செத்துரும். ஒரு பேட்டரி கட்டாயம் வேணும்."

"ஆபீசுக்கும் பங்களாவுக்கும் வை. கொழுந்து பறிக்கிறவங்க யாருக்குப் பேசப் போறாங்க?"

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றையும் நிரோஷன் அன்று சொல்லிக் கொடுத்தான். வந்த அழைப்பை வேறு நம்பருக்கு மாற்றிவிடலாம். அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால், மாற்றிவிட்ட போனுக்கே அது திரும்பி வரும். அதை மட்டும் சின்ன துரை ரசித்துக் கேட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். பலத்த காற்றில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்தது. அதே காற்றில் மேல் மலையில் குளவிக்கூடும் கலைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜீவராணிக்குத் தலையெல்லாம் கொட்டு. தூக்கி வந்து மடுவத்தில் போட்டார்கள். மாயாண்டிக் கங்காணி போனை எடுத்தார். சத்தமே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு ஆபீசுக்கு மலையிறங்கி ஓடினார். ஜீவராணி சுவரிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "லொறி வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லொறி வந்தபோது கேட்க அவள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சின்ன துரை நிரோஷனைக் கூப்பிட்டார்.

"ஒன் போன் கோளாறு. கரண்ட் இல்லாதப்பவும் அடிக்குதாம். ஆளுக பயந்து மலைக்குப் போக மாட்டேங்குறாங்க. வந்து கழட்டிக்கிட்டுப் போ. அந்தப் பொம்பள செத்ததும் ஒன் போனாலதான்னு விசாரணையில சொல்லப் போறேன்."

நிரோஷனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேட்டரி வேண்டாம் என்றவர் ஒருவர், கொலைப்பழி இன்னொருவனுக்கா? அப்படிச் சொல்லிவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதைவிட, ஜீவராணியின் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பது? வழியெல்லாம் துரையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மோட்டார் சைக்கிளை ஓட்டினான்.

பிற்பகல் மூன்றே கால். மடுவத்தில் யாரும் இல்லை. பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. சுவிட்சைத் தட்டினான். கரண்ட் இல்லை. காற்றும் இல்லை. ஆனால் தராசுக் கொக்கி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

வயரைப் பிடுங்கி எறிந்தான். போனைச் சுவரிலிருந்து கழற்றி பேக்கில் போட்டான்.

ட்ரிங்... ட்ரிங்...

பேக்குக்குள் பச்சை வெளிச்சம்.

வெளியே எடுத்தான். வயர் தரையில்தான் கிடந்தது. திரையில் ஒரு நம்பர். 104.

அது அந்தப் போனின் நம்பரேதான்.

எடுத்துக் காதில் வைத்தான்.

ம்ம்ம்ம்ம்... ஒரு குளவிக்கூடே கலைந்தாற்போல் இரைச்சல்.

"லொறி வருதாங்க?"

இரைச்சல் இன்னும் நெருங்கியது.

"எத்தன தடவ கேக்குறது? வருதா... வரலையா?"

கெஞ்சல் இல்லை. கோபம். அவன் நெஞ்சில் இருந்த அதே கோபம்.

"என்கிட்ட கேக்காதீங்க!" நிரோஷன் கத்தினான். "பேட்டரி வேணாம்னது தொரை. அவரையே கேளுங்க!"

மாற்றும் பொத்தானை அழுத்தினான். 102. பங்களா.

இரைச்சல் நின்றது.

திரை இருண்டது.

அந்தப் போனைக் கொண்டுவந்து கடையில் மேசைக்கு அடியில் போட்டான். பத்து நாள் கழித்துப் பங்களாச் சமையல்காரர் சின்னராசா சந்தைக்கு வந்தவர், கடைக்குள் எட்டிப்பார்த்தார்.

"தம்பி, இனி ஒங்களுக்குக் கரச்சல் இல்ல. சின்ன தொரை விசாரணைக்குக்கூட நிக்கல. ஓடிட்டாரு."

"ஏன்?"

"நீங்க மடுவத்துப் போன கழட்டுன அன்னிக்கு மூணே கால் இருக்கும், பங்களாவுல போன் அடிச்சிச்சு. எடுத்து 'ஹலோ'ன்னாரு. அதோட சரி. காதுல வச்ச போன எடுக்க முடியல. நானுந்தான் இழுத்தேன், வரல. அப்பறம் பாத்தா காது பணியாரமா வீங்கிக் கெடக்கு. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு தம்பி. குளவி ஒண்ணுகூட இல்ல."

"அப்பறம்?"

"கரண்ட் போறப்பல்லாம் அடிச்சிச்சு. எடுக்காம இருக்க முடியலன்னு அழுவாரு. வீக்கம் கழுத்து வரைக்கும் எறங்கிருச்சு. பெரிய தொரை பயந்துபோய் எல்லா மடுவத்துக்கும் பேட்டரி வாங்கச் சொல்லிட்டாரு. நேத்துத்தான் பங்களாவப் பூட்டினோம்."

நிரோஷன் சட்டென்று நிமிர்ந்தான்.

"பூட்டிட்டீங்களா? அப்ப... அங்க போன் அடிச்சா யாரு எடுப்பா?"

"யாரு எடுப்பா? ஆளே இல்லையே."

கடைவீதியில் கரண்ட் போனது.

சின்னராசா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"தம்பி... அங்க என்னமோ பச்சையா எரியுதே..."