மேடையில் இரண்டு நாற்காலி

என் முதல் கணவர் கார்கில் சண்டையில் இறந்தவர். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதிலும் அவர் லீவில் வந்து என்னோடு இருந்த நாட்களைக் கூட்டினால் சில மாதங்கள்தான் தேறும். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற கரும்புக் கிராமம் அவருடைய ஊர். பெட்டியில் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த ராணுவக்காரர்கள் சொன்னார்கள். நாங்களும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் மாமியாரோடு அந்த வீட்டிலேயே இருந்தேன். எனக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைத்தவரும் அந்த அத்தைதான். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கள்ளக்குறிச்சியில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய், புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டி வாங்கிவருவார். அந்தக் கடைக்காரரையே ஒருநாள், உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா தம்பி என்று கேட்டிருக்கிறார். என் அம்மா வீட்டில் பயந்தார்கள். அத்தை வந்து உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பேசி முடித்தார். கல்யாணத்தன்று மட்டும் வரவில்லை. தான் எதிரே வந்தால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டார்.

போக்குவரத்து மெல்லக் குறைந்தது. என் மகளின் மஞ்சள் நீருக்குத் தட்டு நிறையச் சீரோடு வந்து, பந்தியில் ஓரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. போகாததற்கு ஒரு காரணமும் இல்லை. பக்கத்தில்தான் இருக்கிறது, டவுன் பஸ்ஸே போகிறது.

எல்லையில் மறுபடி சண்டை என்று டிவியில் ஓடிய வருஷம், அந்த ஊர்க்காரர்களுக்கு என் முதல் கணவருடைய நினைவு வந்தது. கூட்டுரோட்டில் அவருக்கு மார்பளவு சிலை வைத்தார்கள். இடம் கொடுத்தவர் ஊராட்சியின் முன்னாள் தலைவர். சிலைக்கு ஏற்பாடு செய்தவர் வேறொரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் திறப்பு விழா யாருடையது என்று இரண்டு பேருக்கும் தகராறு. போலீஸ் கூப்பிட்டுப் பேசி, ஒரே மேடை, இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி என்று முடித்து வைத்தது. பிறகு திரையை யார் இழுப்பது என்று ஆரம்பித்தது. முன்னாள் தலைவர் உள்ளூர்க்காரர், முந்திக்கொண்டு அத்தையைப் பேசி வைத்துவிட்டார். பெற்ற தாய்தான் திறக்க வேண்டும் என்றார். செயலாளருக்கு மிச்சம் இருந்தது நான்தான்.

அவர் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு ஒரு காலையில் வந்தார். கூட இரண்டு பேர். என் கணவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு நின்றார். மகள் டீ போட்டுக் கொடுத்தாள். செயலாளர் என்னை 'வீரமங்கை' என்று கூப்பிட்டார். நாட்டுக்காகத் தாலியைக் கொடுத்தவர் என்றார். இதையெல்லாம் என் கணவர் முன்னால், அவருடைய வீட்டில், அவர் எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஊரிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை.

அதோடு இறந்துபோனவருடைய முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் அவர் படம் எதுவும் இல்லை. வைக்க வேண்டாம் என்று இப்போதைய கணவரான இவர் சொன்னதில்லை, நானாகத்தான் வைக்கவில்லை. சிலையிலாவது பார்க்கலாமே என்று ஒரு எண்ணம். வருகிறேன் என்றேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது செயலாளர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அன்னிக்கு மட்டும் தலையில பூ வேணாங்க. பொடவ கொஞ்சம் கலர் கம்மியா பாத்துக் கட்டிக்கினு வாங்க. போட்டா எடுப்பாங்க, அதுக்குத்தான்."

பிறகு என் கணவரைத் திரும்பிப் பார்த்து, "சாரு அலைய வேணாங்க. நாங்களே காரு அனுப்பறோம்" என்றார்.

"இல்லங்க, நானே இட்டுக்கினு வந்துடறேன்" என்றார் இவர். அவ்வளவுதான். சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அன்று மாலை பேனருக்குப் போட்டோ கேட்டார்கள். மகளின் மஞ்சள் நீரில் எடுத்த படத்தை அனுப்பினேன். அதைவிட நன்றாக நான் விழுந்த படம் வேறு இல்லை.

விழா ஆடி மாதத்தில். வண்டியில் போகும்போது வழியெல்லாம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கல்வராயன் மலை மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. நான் சாம்பல் நிறப் புடவை கட்டியிருந்தேன். பொட்டை மட்டும் சின்னதாக வைத்திருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் கழுத்தில் கையை விட்டுத் தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளினேன். அதை எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். இவர் வண்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க. காத்துக்கு ஆடுது."

கூட்டுரோட்டுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தினார். நான் முன்னால் நடக்கட்டும், வண்டியை நிழலில் விட்டு வருகிறேன் என்றார். வெயிலே இல்லை.

நடந்து போனபோதுதான் அந்தப் பேனரைப் பார்த்தேன். ஒரு பக்கம் ராணுவ உடுப்பில் அவர், பெரிதாக. கீழே மூலையில் நான். என் தலையில் இருந்த பூவைக் காணோம். நெற்றியில் பொட்டைக் காணோம். கழுத்தில் ஒன்றும் இல்லை. பேனர் அடித்தவன் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்திருந்தான். மகளுக்குச் சடங்கு நடந்த நாளில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்த முகம், வெற்று நெற்றியோடு சிரித்துக்கொண்டிருந்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் கட்சிக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் ஒருத்தி என் பொட்டைப் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

மேடையில் இந்த ஓரம் எனக்கு ஒரு நாற்காலி, அந்த ஓரம் அத்தைக்கு ஒரு நாற்காலி. நடுவில் இரண்டு கட்சிக்காரர்களும் வரிசையாக. சிலை மேடைக்குப் பக்கத்தில், பச்சைத் துணி போர்த்தி நின்றது. அத்தை மிகவும் சிறுத்துப் போயிருந்தார். தோளில் போட்ட சால்வை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, இங்கே வந்து உட்கார் என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர், அது அவங்க பக்கம், வேண்டாம் என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். தாய்க்கும் தாரத்துக்கும் போட்டியில்லை என்று ஆரம்பித்து, தாரத்தின் தியாகம்தான் பெரியது என்று கொண்டுவந்தார். கணவர் போன பிறகு இன்னொரு வாழ்க்கையை மனதாலும் நினைக்காமல், இத்தனை வருஷமும் அவருடைய நினைவோடு தன்னந்தனியாக வாழும் சகோதரி என்று என் பக்கம் கையைக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. நான் கும்பிட்டேன். தட்டுகிறார்களே என்று கை தானாகக் குவிந்துவிட்டது.

புளியமரத்தடியில் இவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

முன்னாள் தலைவர் இதற்காகத்தான் காத்திருந்தவர் போல எழுந்தார். மைக் தேவைப்படாத குரல் அவருக்கு.

"இன்னாய்யா பொய் பேசற? அந்தம்மா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினு இருவது வருசத்துக்கு மேல ஆவுது. அவங்க வூட்டுக்காரரு அதோ மரத்தடில நிக்கிறாரு, கேளு."

எல்லாத் தலையும் திரும்பியது. மரத்தடியில் நின்ற மற்றவர்கள்கூட இவரை விட்டு ஒரு எட்டு விலகினார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவன் இவர் முகத்துக்கு நேராகப் போனான். நீங்க யாருங்க என்று கேட்டான்.

இவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். நான் தரையைப் பார்த்தேன்.

"நானு வண்டி ஓட்டிக்கினு வந்தவங்க" என்றார் இவர். "அம்மாவ எறக்கி வுட வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். செயலாளரின் ஆட்கள் கைதட்டினார்கள், பொய் சொன்னது யார் பார் என்று.

அப்போது அத்தை எழுந்துவிட்டார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, மரத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அவரு எங்க வூட்டு மாப்ள. நாந்தான் பாத்து கட்டி வெச்சேன். இதுல உங்களுக்கு இன்னா?"

மைக் நடுவில் இருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். முன்னாள் தலைவர் அத்தையின் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "ஆயா, நீ கம்னு இரு" என்றார். அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவரிடம் சண்டை போட அத்தையால் முடியாது. எங்கள் கிணறு வற்றிப்போனதிலிருந்து, அந்த ஆளுடைய கிணற்றிலிருந்துதான் அத்தையின் கால் காணி நிலத்துக்குத் தண்ணீர்.

பிறகு நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பார்கள். மைக்குக்காக இழுத்துக்கொண்டார்கள். திரைக்கயிறு அறுந்தது. நாற்காலிகள் பறந்தன. திறந்துவைக்க வந்த பிரமுகர் காரைவிட்டு இறங்காமலே திரும்பினார். போலீஸ் எல்லோரையும் கலைத்தது. சிலை துணிக்குள்ளேயே இருந்தது.

இவர் கூட்டத்துக்குள் புகுந்து வந்து முதலில் அத்தையைத்தான் இறக்கினார். நான் பின்னால் இறங்கினேன். மூன்று பேரும் அத்தையின் வீட்டுக்கு நடந்தோம். அத்தை பழைய குழம்பைச் சுடவைத்து, அப்பளம் பொரித்து, இவருக்கு இலை போட்டார். சாப்பிடுங்க மாப்ள என்று மறுபடி மறுபடி பரிமாறினார். இவரும் மறுக்காமல் சாப்பிட்டார்.

பாத்திரம் தேய்க்கும்போது அத்தை மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தண்ணி வேணும், போனேன். நீ எதுக்கு ஒத்துக்கின?"

முகம் மறந்துவிட்டது, சிலையில் பார்க்கலாம் என்றுதான், என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே சுவரில் அவருடைய படம் மாட்டியிருந்தது. காலையில் வைத்த செம்பருத்தி அதில் வாடியிருந்தது. பஸ் ஏறி வந்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். நான் சாம்பலை எடுத்து அடுத்த பாத்திரத்தைத் தேய்த்தேன்.

திரும்பி வரும் வழியில் இவரிடம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ கீழ குனிஞ்சிட்ட. நானு வேற இன்னா சொல்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் முன்பே வீடியோ வந்துவிட்டது. என் கும்பிடு, இவருடைய முகம், வண்டி ஓட்டி வந்தவன் என்ற பேச்சு, எல்லாம் அதில் இருந்தன. அத்தை பேசியது மட்டும் இல்லை. கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்கள். செத்தவனுக்கும் துரோகம், இருப்பவனுக்கும் துரோகம் என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். மற்றவை எல்லாம் கெட்ட வார்த்தைகள், அவை மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

மகள் போனை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா அப்டி சொல்ற வரிக்கும் நீ கம்னு ஒக்காந்துக்கினு இருந்தியாம்மா?"

அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. காலேஜுக்கு டிபன் பாக்ஸை அவளே கட்டிக்கொண்டாள்.

இவர் கடைக்கு வழக்கம்போலப் போனார். அங்கே காயில் கட்ட வந்த விவசாயிகள் சிலர், வீடியோவில் இருந்தது நீங்கள்தானே என்று கேட்டார்களாம். ஆமாம் என்று மட்டும் சொன்னாராம். இது கடைப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிலையின் துணியை யாரோ எடுத்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் துணி இல்லை என்றார்கள். இரண்டு கட்சியும் தாங்கள் எடுக்கவில்லை என்றன. அடுத்த வருஷம் சிலைக்கு மாலை போட்ட விழாவுக்கு அத்தையையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. வேறு ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரை வரவழைத்துச் சால்வை போட்டார்கள். சண்டையில்லாமல் முடிந்ததாம். எலவனாசூர்கோட்டையிலிருந்து பேண்டு வாத்தியம்கூட வந்ததாம்.

மகள் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறி அத்தையைப் பார்க்கப் போகிறாள். முதல் தடவை அவளுக்கு வழி சொல்லி அனுப்பியவர் இவர்தான். என்னைக் கூப்பிடுவதில்லை. நானும் வருகிறேன் என்று கேட்கவில்லை. மாலையில் முருங்கைக்கீரையோ வேர்க்கடலையோ கொண்டுவந்து அடுப்படியில் வைப்பாள். அப்பாவுக்குக் கொடுத்தாங்க என்பாள். அங்கே இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள், என்னைப் பற்றிப் பேச்சு வருகிறதா என்று அவளிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கடலையை முறத்தில் கொட்டி மண்ணை உதறுகிறேன்.