டெல்லிக்குப் போகாத அப்பா

மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுபவர் மெலிந்து உயர்ந்த மனிதர். சட்டைப் பையில் விரல் விட்டுப் பார்க்காமல் எதையும் தேய்க்க மாட்டார். கிடைத்த பஸ் டிக்கெட்டைக்கூடத் திருப்பித் தந்துவிடுவார்.

ஒரு காலையில் என்னிடம் தன் போனை நீட்டினார். "நாளிக்கி டெல்லில பொண்ணுக்குப் பிரசவ ஆப்ரேசன் சார். குலுக்கல்ல ஃப்ரீ பிளேன் டிக்கெட் வுழுந்துகீது. வரி மட்டுந்தான் கட்டுனேன். இன்னிக்கி எத்தினி மணிக்கு ஏர்போர்ட் போவணும்?"

விமான நிறுவனத்தின் தளத்தில் தேடினேன். அப்படியொரு டிக்கெட்டே இல்லை. அனுப்பியவனின் போனும் ஸ்விட்ச் ஆஃப். இனி ரயிலில் கிளம்பினாலும் ஆபரேஷனுக்குப் போய்ச் சேர முடியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மகளை போனில் அழைத்தார்.

"வேல ஜாஸ்தியா கீதும்மா. வர முடில."

"அம்மாதான் இல்ல. நீயும் வர மாட்டியாப்பா?" அவள் அழுதபடி போனை வைத்தது எனக்கும் கேட்டது.

"ஏமாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அவ மாமியார் வூட்ல சிரிப்பாங்க சார். என்னியவே திட்டிக்கட்டும்."

அன்று முழுக்க அவர் இஸ்திரிப் பெட்டியில் கரி போடவில்லை. வண்டியோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மகளுக்கு இப்போதாவது உண்மை தெரியுமா என்று கேட்க, இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.