தானாக உடைந்த சுவிட்ச்

வியாழன் பின்நேரம் வீட்டில் சாம்பிராணி போட்டால் எனக்குப் பக்தி வருவதில்லை. ஒரு சுவிட்சின் ஞாபகம்தான் வருகிறது, அல்லாஹ் மன்னிக்கட்டும். ஈயம் பற்றவைக்கும் புகையும் கிட்டத்தட்ட இப்படித்தான் மணக்கும்.

கையில் பிடித்து விளையாடும் கேம் ஒன்று எங்களிடம் இருந்தது. என் மூத்த சகோதரரான காக்காவுக்கும் எனக்கும் அது பொது. அவர் ஒரு ஆட்டம், நான் ஒரு ஆட்டம். தோற்றாலும் நான் இலேசில் கைமாற்ற மாட்டேன், அது வேறு கதை.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்து வீட்டை விட்டுப் போவது ஆம்பிளைதான். வீடு பெண்ணுக்கு. காக்காவும் சம்மாந்துறைக்கு, மதினியின் வீட்டுக்குப் போனார். "கேம நீயே வெச்சிக்க புள்ள" என்றார். வீடும் எனக்கு, கேமும் எனக்கு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அழுகைதான் வந்தது.

மூன்றாம் வாரம் பவர் சுவிட்சின் நுனி முறிந்தது. எப்படி என்பதில்தான் குழப்பம். அதில் முன்பே வெடிப்பு இருந்தது உண்மை. நகவெட்டியால் நான் நெம்பியதும் ஞாபகம். நெம்பியது முறிவதற்கு முன்பா, முறிந்த துண்டை எடுக்கவா? சத்தியமாகத் தெரியாது. காக்காவுக்கு டெலிபோன் கோல் எடுத்துச் சொன்னபோது என் குரலில் துளியும் கவலை இல்லையாம். உம்மா பிறகு சொன்னா.

அடுத்த நாளே வந்தார். பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து அதே அளவு சுவிட்சைக் கழற்றி, பொறுமையாக ஒவ்வொரு காலாகப் பற்றவைத்தார். முறிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தானா உடைஞ்சதா புள்ள?"

"ஓம் காக்கா."

அவர் சிரித்தாரா, புகை பட்டு முகம் சுளித்தாரா? அதுவும் விளங்கவில்லை.

கேமில் லைட் பற்றியது. "ஒரு ஆட்டம் விளையாடிட்டுப் போங்களன்" என்றேன்.

"நேரமாகிட்டு. மதினி பாத்துக்கிட்டிருப்பா, ஊட்ட போகணும்."

வீட்டில்தானே இருக்கிறார் என்று ஒரு நிமிடம் முழித்தேன்.

இப்போது காக்கா பெருநாளைக்கு வருவார். நல்ல கதிரையாகப் பார்த்துப் போடுவோம், நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுப்போம். முன்பு அவர் குசினியில் நின்றபடி கேத்தலில் இருந்து தானே ஊற்றிக் குடிப்பவர். அது எந்தப் பெருநாளோடு நின்றது என்று எனக்குத் தெரியாது.

இன்று சாம்பிராணிப் புகையோடு அலுமாரியைத் திறந்து, கேமுக்குப் புது பெட்டரி போட்டேன். பழுதாகியிருந்தால் காக்காவுக்குக் கோல் எடுக்கலாம். சுவிட்சைத் தள்ளினேன். முதல் தள்ளிலேயே லைட் பற்றியது. மனுசன் இவ்வளவு நல்லாத் திருத்தியிருக்கக் கூடாது.