பேர் வெட்டிய ஹார்டு டிஸ்க்

குடும்பம் நடத்துவது என்பது முக்கால்வாசி சந்தேகப்படுகிற தொழில். மீதிக் கால்வாசிதான் சமையல். பாலில் தண்ணீர், தராசில் காந்தம், கேஸ் சிலிண்டரில் சீல் என்று இருபத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்த அனுபவத்தோடுதான், கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்துக்கொள்கிற ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கக் கிளம்பினேன். பென்டிரைவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜனங்கள் பெருமையாக நடமாடிய காலம் அது. இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

என் மகள் நித்யா ஃபேஷன் டிசைனிங் முடித்திருந்தாள். பனியனில் அடிக்கிற பிரிண்ட்டுக்கென்று படித்த மூன்று வருஷமும் வரைந்ததெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அவிநாசி ரோட்டில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பனியன் வாங்கி அனுப்புகிற ஒரு பையிங் ஆபீஸில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கம்ப்யூட்டர் பல்லி மாதிரி டிக் டிக் என்று சொல்ல ஆரம்பித்தது. பல்லி சொன்னாலாவது பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கலாம். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவது என்று வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கான்வென்ட்டில் படித்து நான் வாங்கிய பி.ஏ. சர்ட்டிஃபிகேட்டும் ஒன்று உண்டு. பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதனால்தான் இந்த அலைச்சல்.

ஆபரேசன்

முதலில் வந்தவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இருக்கிற டிஸ்க் கெடப்போகிறது, ரெண்டு நாள் கடையில் விட்டால் எல்லாவற்றையும் வேறொன்றில் காப்பி பண்ணித் தருகிறேன் என்றார். கடைக்கு வேறு யாருடைய கம்ப்யூட்டரெல்லாம் வரும் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். வேலம்பாளையத்தில் பாதி பிரிண்டிங் யூனிட்டுக்குத் தான்தான் சர்வீஸ் என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அதுவே போதும். இந்தப் பனியன் ஊரில் காலையில் ஒரு டிசைனை வெளியே காட்டினால், சாயங்காலம் அது பிளாட்பாரத்தில் மூன்று கலரில் தொங்கும்.

காப்பி பண்ணுவதை என் வீட்டிலேயே, என் கண் முன்னாலேயே செய்ய முடியுமா என்றேன். அப்படியானால் வெளியே மாட்டுகிற ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், வயரைச் சொருகி நீங்களே ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பக்கத்துல உக்காந்து பாக்கறதுக்கு இதென்ன ஆபரேசனுங்களா அக்கா? ஆபரேசனுக்கே சொந்தக்காரங்கள வெளிய நிறுத்திப் போடறாங்க."

உள்பக்கம்

முதல் கடைக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்து, ஒரிஜினல், லேபிளைப் பாருங்கள் என்றார். யாரிடம் வந்து லேபிளைப் பற்றிப் பேசுகிறார். எங்கள் சந்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்கார அம்மா பீஸ் ரேட்டுக்கு லேபிள் வைத்துத் தருகிறவர். ஒரே மாதிரி பனியன்தான். காலையில் வைப்பது ஒரு நாட்டு லேபிள், மத்தியானம் வைப்பது இன்னொரு நாட்டு லேபிள். லேபிள் தைக்கிற ஊரில் இருந்துகொண்டு லேபிளை நம்பினால் என்னைப் படிக்க வைத்த காசு தண்டம்.

அட்டைப்பெட்டியில் ஒரு நாட்டின் பேர், டிஸ்க்கின் முதுகில் வேறு நாட்டின் பேர். ஏன் என்றேன். உள்ளே இருப்பது அங்கே செய்தது, பெட்டியில் போட்டது இங்கே என்றார். அப்படியானால் உள்ளே இருப்பதைக் காட்டுங்கள், பழைய டிஸ்க்குக்குப் புதுச்சட்டை போட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்றேன். மனிதர் டிஸ்க்கை எடுத்துத் திரும்பக் கண்ணாடிக்குள்ளேயே வைத்துவிட்டார். "பனியன்னா உள்பக்கம் திருப்பிப் பாக்கலாங்க. இத உள்பக்கம் திருப்புனா அப்பறம் நீங்கதான் வாங்கிட்டுப் போகோணும்."

கை வெயிட்

இரண்டாவது கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் வந்தார். அவர் நிட்டிங் யூனிட்டில் ஃபேப்ரிக் இன்சார்ஜ். துணியை இரண்டு விரலில் பிடித்தாலே சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று ஜி.எஸ்.எம். சொல்லிவிடுவார், மெஷினில் போட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டுதான் வித்தியாசம் வரும். அந்தத் திமிர் அவருக்கு உண்டு. கடைக்காரர் இரண்டு டிஸ்க்கை எடுத்து வைத்தார். ஒன்று செங்கல் சைஸ், தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். இன்னொன்று சின்னது, கம்ப்யூட்டரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்காரர் இரண்டையும் இரண்டு கையில் வைத்து, கண்ணை மூடி, ஏற்றி இறக்கினார். பிறகு செங்கல்லை என் பக்கம் நகர்த்தினார். உள்ளே இரும்புத் துண்டு போட்டிருந்தாலும் கனமாகத்தான் இருக்கும் என்றேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் புத்தகத்தைப் புரட்டினார். அவர் சின்னதைப் பற்றி அதிகம் புகழவில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதையே எடுத்தேன். வீட்டுக்காரர் அதற்கப்புறமும் விடவில்லை. "லைட்டா இருக்கறதெல்லாம் லோக்கலுக்குத்தான் அம்மணி. எக்ஸ்போர்ட் சரக்குன்னா கையே சொல்லும்."

பதினொன்று எங்கே?

காசு கொடுப்பதற்கு முன்னால் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டச் சொன்னேன். பெட்டியில் 160 ஜி.பி. என்று போட்டிருந்தது. திரையில் 149. மீதி பதினொன்று எங்கே என்றேன். கம்பெனிக்காரன் ஆயிரத்தை ஒரு கிலோ என்று கணக்குப் பண்ணுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்திநாலை ஒரு கிலோ என்று கணக்குப் பண்ணுகிறது, அதனால் வருகிற வித்தியாசம் என்றார். கிலோ என்றால் ஆயிரம் என்பது கான்வென்ட் சிஸ்டர் எனக்கு ஸ்கேலால் புறங்கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கொரு கிலோ வைத்துக்கொள்ள இதென்ன சந்தைக்கடையா என்று கேட்டேன். வேறு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். அதிலும் 149. கடையில் இருக்கிற எல்லாப் பெட்டியிலும் இவரே பதினொன்றை எடுத்துவிட்டார் என்று சொல்ல வாய் வரை வந்தது.

கடைக்காரர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, நூறு கிலோ துணிய டையிங்குக்குக் குடுத்தா நூறு கிலோவாவா திரும்பி வருது? அதேதானுங்க. பிராசஸ் லாஸ்."

ட்ர்ர்ர்

அடுத்தது நான் செய்தது. ஒளிப்பதற்கில்லை.

ரிப்பேர் என்று எப்போதாவது கடையில் கொடுத்தால் மாற்றிவிடுவார்களே என்று யோசனை. விசேஷ வீட்டுக்குப் போன எங்கள் சாதக்கரண்டிகூடப் பேர் வெட்டியிருந்ததால்தான் திரும்பி வந்திருக்கிறது. டிஸ்க்கின் மேல்மூடியும் அலுமினியம்தான். வாங்கிய மறுநாளே அதை மஞ்சப்பையில் போட்டு அனுப்பர்பாளையம் பஸ் ஏறினேன். நான் எப்போதும் பாத்திரம் வாங்குகிற கடையில், பேர் வெட்டுகிறவர் அதைச் சொம்பை வைப்பதுபோல் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மெஷினை வைத்தார். ஊசி ட்ர்ர்ர் என்று அதிர்ந்தது. கடைப் பலகை அதிர்ந்தது. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல்கூட அதிர்ந்தது. 'நித்யா, வேலம்பாளையம்' என்று அழகாகத்தான் வந்தது. தூளை ஊதித் துடைத்துவிட்டு, மீதி இடத்தைப் பார்த்துக் கேட்டார்: "கீழ யாரு அன்பளிப்புன்னு போடறதுங்க?"

நானூற்று ஏழு நிமிஷம்

நித்யா அந்தப் பேரைப் பார்த்தாள். டிஸ்க்குக்குள்ளே தட்டு இருக்கிறது, அதன்மேல் தலைமுடிகூட நுழையாத இடைவெளியில் ஊசி மாதிரி ஒன்று ஓடுகிறது, அதிர்வே ஆகாது என்று மெதுவாக, சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாரண்டி கார்டை எடுத்துப் படித்தேன். உடம்பில் கீறல் இருந்தால் செல்லாது என்று போட்டிருந்தது. இன்டர்வியூவுக்கு நாலு நாள்.

வயரைச் சொருகினாள். நீல விளக்கு எரிந்தது. காப்பி ஆக இன்னும் பன்னிரண்டு நிமிஷம் என்றது திரை. உடனே நானூற்று ஏழு நிமிஷம் என்றது. பிறகு முப்பத்தொன்று. தீபாவளிக்கு டெய்லர் சொல்லுகிற தேதியைக்கூட நம்பலாம். காலையில் ஆரம்பித்தது மத்தியானம் வரை போயிற்று. சமையலை விட்டுவிட்டு நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு டிசைனும் திறக்கிறதா என்று பாதிப் பாதியில் பார்க்கச் சொன்னேன். நான் வெட்டிய பேரால் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. பத்தாவது தடவை கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குக் கம்ப்யூட்டர் மேலயும் சந்தேகம், டிஸ்க் மேலயும் சந்தேகம். அதுங்க ரெண்டும் ஒண்ண ஒண்ணு நம்பிக் குடுத்து வாங்கிக்குதுல்ல, அதப் பாத்துட்டுச் சும்மா இரும்மா."

எல்லாம் திறந்தது. ஒன்றுகூடக் கெடவில்லை.

பன்னிரண்டு தாள்

இதோடு விட்டிருக்கலாம். கையில் இருக்கட்டும் என்று பன்னிரண்டு டிசைனை மட்டும் கலர் பிரிண்ட் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள் நித்யா. கூடவே போனேன். பிரிண்ட் கடை அம்மா, ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் பிரிண்ட் வரும் என்றார். அப்புறம் அழித்துவிடுவீர்களா என்றேன். கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன் என்றார். அழித்தது குப்பைத்தொட்டிக்குத்தானே போகும், குப்பைத்தொட்டியிலிருந்து எடுக்க எத்தனை நேரம் ஆகும் என்றேன். அதையும் காலி பண்ணுகிறேன் என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றதே எனக்குச் சரியாகப் படவில்லை. நித்யாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. "உயிலு, ஜாதகம், கோர்ட்டுப் பேப்பரு எல்லாம் நம்மகிட்டத்தானுங்க பிரிண்ட் எடுக்கறாங்க. ஒருத்தரும் என்ன இப்படிப் பாத்ததில்லீங்க."

கேட்

இன்டர்வியூ அன்று டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, என் கைப்பையில் வைத்து நானே கொண்டுபோனேன். பையிங் ஆபீஸ் கேட்டில் மதுரைப் பக்கத்து செக்யூரிட்டி ஒருவர் நோட்டை நீட்டினார். பென்டிரைவ், சி.டி., கேமரா, கேமரா போன், ஹார்டு டிஸ்க் எதுவும் உள்ளே போகக்கூடாது. டிசைன் வெளியே போய்விடுமாம். இங்கே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் கதவில்லாத ஒரு அலமாரி. அதில் டிபன் கேரியரும் ஹெல்மெட்டும்.

கொடுக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் நீங்கள் வெளியே இருங்கள், பொண்ணு மட்டும் போகட்டும் என்றார். நித்யா என்னைப் பார்த்தாள். டிஸ்க் உள்ளே போகாது. பிரிண்ட் இல்லை. அது யாரால் என்று இரண்டு பேருக்கும் தெரியும். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெறுங்கையோடு போனாள். நான் கேட்டுக்கு வெளியே சிமெண்ட் திண்டில் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செக்யூரிட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க மேனேஜருதான் மனுசரயே நம்பாதவருன்னு நெனச்சிருந்தேன். அவரு தேவலாம் போலம்மா."

எருமைக்கன்று

இரண்டு மணி நேரம். அந்தப் பன்னிரண்டு தாளை நான் மனதுக்குள் பன்னிரண்டு தடவையாவது பிரிண்ட் எடுத்திருப்பேன். மூன்று வருஷம் கண் கெட வரைந்தவள். நாலு பேர் முன்னால் வெறுங்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் ஜாதகக் கட்டு தயாராக இருக்கிறது. இதுவரை என் சந்தேகத்தால் காய் மிச்சமாகியிருக்கிறது, எண்ணெய் மிச்சமாகியிருக்கிறது. ஒரு பெண்ணின் வேலையைச் செலவழித்தது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தவள் நேராக என்னிடமிருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். யாரும் டிஸ்க்கைக் கேட்கவே இல்லையாம். கொண்டுவருகிற டிசைனெல்லாம் அவரவர் வரைந்ததுதான் என்று எப்படி நம்புவது, அதனால் யாருடையதையும் பார்ப்பதில்லை என்றார்களாம். ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, இரண்டு வயசுக் குழந்தைக்குக் கோடைக்காலப் பனியனுக்கு ஒரு டிசைன், ஒரு மணி நேரத்தில் வரைந்து காட்டு என்றிருக்கிறார்கள். நீச்சல் கண்ணாடி போட்ட எருமைக்கன்று ஒன்று பம்ப்செட் தொட்டியில் குதிப்பதுபோல் வரைந்தாளாம். முடிகிற வரைக்கும் பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எவனோ முதுகுக்குப் பின்னால் நின்றால் கை எப்படி ஓடிற்று என்று கேட்டேன். "அங்க யாரும் யாரையும் நம்பறதில்லம்மா. நம்ம ஊட்ல இருக்கற மாதிரியே இருந்துச்சு, பயமே வரல."

எந்த ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டால், அது இல்லாமலும் பிள்ளைக்குக் கை ஓடுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுகிறேனே தவிர, கடையின் பேரைச் சொல்வதில்லை.