சுப்பராயலு மாமா சொன்ன நான்கு ‘வொர்ஸ்ட்’

சுப்பராயலு, என் அக்காள் ஞானாம்பாளின் கணவர். பிறந்த ஊர் பெண்ணாடம், ஆண்டு 1957. படிப்பு பத்தாம் வகுப்பு. தொழில் வாடகைக் கார் ஓட்டுதல். வண்டி வெள்ளை அம்பாசிடர், சொந்தம். வண்டி நிற்குமிடம் சிதம்பரம், குடியிருப்பு திருப்பாதிரிப்புலியூர். குடும்பக் குறிப்பில் அவரைப் பற்றி இவ்வளவே உள்ளது. இனி எழுதுவது நான் கண்டதும் அக்காளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதும்.

அவருடைய ஆங்கிலம் பாண்டிச்சேரியிலிருந்து கோவில் பார்க்க வரும் வெளிநாட்டாரிடம் கற்றது. அதில் வினைச்சொற்கள் குறைவு. பிக்கஸ்ட், ஓல்டஸ்ட், ஸ்வீட்டஸ்ட் ஆகியவை தாராளம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு ‘எஸ்ட்’ சொல்லாவிட்டால் பயணி காரை விட்டு இறங்கமாட்டார் என்பது கார் ஓட்டுநர்களிடையே வழக்கமாயிருந்த நம்பிக்கை. பிச்சாவரம் காட்டை உலகின் இரண்டாவது பெரிய சதுப்புக் காடு என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்வார்கள். மாமா அந்த ‘இரண்டாவதை’ நீக்கிவிட்டார். “ரெண்டாவதுன்னு சொன்னா எவன் எறங்குவான் மச்சான்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இதைப் பொய் என்று நான் எழுதமாட்டேன். அவர் அந்தச் சொற்களை நம்முடைய ‘ரொம்ப’ என்பதாகவே எடுத்துக்கொண்டார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் ரொம்ப நல்லவர் என்று சொல்லலாம், யாருக்கும் குறைந்துபோவதில்லை. ஆங்கிலத்தின் ‘எஸ்ட்’ என்ற இருக்கையில் ஒருவர்தான் உட்கார முடியும். அது மாமாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் 2005 ஜனவரி வரை ஏற்படவில்லை.

ஆழிப்பேரலை அடித்த மறு மாதம், உதவிக் குழு ஒன்றிலிருந்து வந்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர் அவருடைய காரை நான்கு நாள் அமர்த்தினார். நாளுக்கு ஒரு மீனவக் குப்பம். ஒவ்வொன்றிலும் மணலில் பாதி புதைந்த படகுகள், கூரையற்ற சுவர்கள். இறங்கியதும் மாமா, “மேடம், திஸ் இஸ் த வொர்ஸ்ட்” என்றார். நான்கு நாளும் சொன்னார். நான்கு நாளும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

நான்காம் நாள் மாலை சிதம்பரம் விடுதி வாசலில் அம்மையார் அவரை நிறுத்தினார். தங்களிடம் ஒரு குப்பத்துக்குப் போதுமான படகுகளே இருப்பதாகவும், அவர் சொன்ன நான்கில் எது உண்மையான ‘வொர்ஸ்ட்’ என்பதைக் காலையில் சொல்ல வேண்டும் என்றும் கூறினார்.

அன்று நான் அக்காள் வீட்டில் இருந்தேன். வந்த மாமா உட்காரவில்லை. கார் சாவியைக் கொக்கியில் மாட்டுவார், எடுப்பார், வாசல்வரை போவார், திரும்புவார்.

“என்னாங்க, சோறு ஆறுது.”

“எந்த ஊருன்னு கேக்குறாங்கடி.”

“பாத்தத சொல்றதுக்கு என்னா?”

“நாலையுந்தான் பாத்தேன். மச்சான், நீ சொல்லு. எல்லாத்தையும் எழுதி வெக்கிறவன்தானே நீ?”

“நான் பாக்கலியே மாமா. பாக்காதத எப்படிச் சொல்றது?”

“ஆமா, ரெண்டு பேரும் சேந்து முழிங்க!” என்றாள் அக்காள். “பிச்சாவரத்துக்கு ரெண்டாவதுன்னு சொல்லமாட்டேன்னீங்களே. இப்ப ரெண்டாவது, மூணாவது எல்லாம் வேணும் பாருங்க.”

மாமா சாப்பிடவில்லை. காலையில் விடுதிக்குப் போய், “ஆல் ஃபோர் வொர்ஸ்ட், மேடம்” என்றார். அம்மையார் கோபிக்கவில்லை. அதற்குமேல் அவரிடம் எதையும் கேட்கவுமில்லை. படகுகள், மாமா கார் ஓட்டிப் போயிராத வேறொரு குப்பத்துக்குச் சென்றன. அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அங்கே கிடைத்திருக்குமா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த நான்கில் ஒரு குப்பத்தைச் சேர்ந்த சடையப்பன் கார் நிறுத்தத்துக்கே வந்தார்.

“நீங்கதானே சார் அந்தம்மாகிட்ட எங்களப் பத்தி இங்கிலீஷ்ல சொன்னீங்க?”

“ஆமாய்யா.”

“என்னா சொன்னீங்க?”

“ரொம்ப மோசம்னு சொன்னேன்.”

“அப்பறம் ஏன் சார் வரல?”

அதன்பின் மாமாவை ஓரிடத்தில் பார்ப்பது அரிதாயிற்று. சவாரி இல்லாத நாளெல்லாம் பாண்டிச்சேரி, கடலூர் என்று உதவி அலுவலகங்களின் வாசலில் நின்றார். படகின் அடிப்பலகை உடைந்தது, எஞ்சின் போனது, வலை போனது என்று கண்டதை மட்டும் சொன்னார். நான்கில் மற்ற மூன்று குப்பங்களுக்கு அடுத்த ஆண்டுக்குள் படகுகள் வந்தன. சடையப்பனின் குப்பத்துக்கு 2007இல்தான் வந்தன. பயணிகளிடமும் ‘எஸ்ட்’ நின்றுவிட்டது. “பிக்கஸ்ட்?” என்று கேட்பவரிடம், “பிக்” என்பார். சவாரிகள் பக்கத்து வண்டிகளுக்குப் போயின.

2011 டிசம்பர் இறுதியில் ‘தானே’ புயல், பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. சாய்ந்தவற்றில் என் தந்தை அக்காளுக்கு எழுதிவைத்த முந்திரித் தோப்பும் ஒன்று. பொங்கலுக்குப் பிறகு மரக்கன்றுகள் வழங்க ஒரு குழு வந்து மாமாவின் வண்டியை அமர்த்தியது. அவர்கள் வருமுன்பே அவர் தம் செலவில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டிருந்தார்.

அக்காளின் தோப்பு இருந்த ஊரில் கார் நின்றது. நானும் அக்காளும் சாய்ந்த மரங்களுக்கிடையே நின்றிருந்தோம். “வொர்ஸ்ட்?” என்று குழுவின் தலைவர் கேட்டார். மாமா சாவியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். அக்காளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“நோ சார். திஸ் வில்லேஜ், தேர்டு.”

கார் புறப்பட்டதும் அக்காள் என்னிடம் சொன்னாள்: “பாத்தியாடா, அன்னிக்கு ரெண்டாவது, மூணாவதுன்னு நாஞ் சொன்னத எம்மேலயே திருப்பிட்டாரு.”

கன்றுகள் மாமா முதலாவதாகச் சொன்ன ஊருக்கும், மீதி இரண்டாவதாகச் சொன்ன ஊருக்கும் சென்றன. அக்காளின் தோப்பில் ஒட்டுக் கன்றுகளை நாங்களே வாங்கி நட்டோம். அவை காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின.